மீட் ஐயரிடம் கேட்கப்பட்ட கணக்கு

வேதபகுதி: எண்ணாகமம் 12, 2 சாமுவேல் 12:1–14, 1 தீமோத்தேயு 5:19–21



பெயர்பெற்ற ஊழியர் ஒருவர்மீது குற்றச்சாட்டு எழும்போது நம்முடைய சபைகளில் இரண்டு குரல்கள் உடனே கேட்கும். அபிஷேகம் பெற்றவருக்கு விரோதமாகப் பேசாதே என்று வாயடைப்பது ஒரு குரல். விசாரணை தொடங்கும் முன்னரே தீர்ப்பை வாசித்து முடிப்பது மற்றொரு குரல். இரண்டின் கையிலும் வேதபுத்தகம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நின்று, நடந்தது என்ன என்று பயபக்தியோடு கேட்பதற்குத்தான் ஆட்கள் குறைவு.

இந்த வாரம் இதைக் குறித்துத் தியானிக்க, தூரதேசத்து உதாரணத்தோடு நான் தொடங்கவில்லை. நம்முடைய நாஞ்சில் மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. தென் திருவிதாங்கூர் மிஷனின் தகப்பன் என்று நம் முன்னோர் போற்றிய சார்லஸ் மீட் ஐயரிடம், அவருடைய ஊழிய காலத்தில் இருமுறை கணக்குக் கேட்கப்பட்டது. முதல்முறை கேட்ட கேள்வி நியாயமானது. இரண்டாம் முறை அவரை வெளியேற்றிய காரணமோ சபை இன்றைக்கும் வெட்கப்படவேண்டியது. இவ்விரண்டையும் ஒன்றின் அருகில் ஒன்றாக வைத்துப் பார்த்தால், மூத்த ஊழியரிடம் சபை எப்படிக் கணக்குக் கேட்கவேண்டும் என்பதும், எப்படிக் கேட்கக்கூடாது என்பதும் விளங்கும்.

மயிலாடியில் தொடங்கியது

மீட் ஐயருக்கு முன்னே இங்கே வந்தவர் ரிங்கல்தௌபே. 1806-ஆம் ஆண்டில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அவர் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். அவரை அழைத்தவரும் தம் ஊராகிய மயிலாடியில் அவருக்கு இடம் உண்டாக்கினவரும் மகாராசன் வேதமாணிக்கம். அக்கால ஏடுகள் பறையர் என்று குறித்த சாம்பவர் சமூகத்தில் பிறந்த வேதமாணிக்கம், தீர்த்த யாத்திரையாகச் சிதம்பரம் சென்றவர். அந்தப் பயணத்தில் தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு மனந்திரும்பி ஊர் வந்தவர். 1816-இல் ரிங்கல்தௌபே உடல் நலிந்து புறப்பட்டபோது, மந்தையைக் கலையாமல் காத்தவரும் அவரே. இன்று குமரி மாவட்டத்தில் கோபுரம் உயர்ந்து நிற்கும் சீர்திருத்த சபைகள் பலவற்றின் வேர் ஒரு சாம்பவ விசுவாசியின் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நம்மை உறுத்தும்.

1818-இன் தொடக்கத்தில் இலண்டன் மிஷன் சங்கத்தின் மீட் ஐயர் குளச்சலில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கப்பலேறி வந்த மனைவியை வழியிலேயே மரணத்திற்குக் கொடுத்துவிட்டுத் தனியாக வந்தவர் அவர். மிஷனின் தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த செமினரியை அங்கே நிலைநிறுத்தினார். 1819 ஜனவரி 1-ஆம் நாள் நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்கு அஸ்திபாரம் இடப்பட்டது. அச்சுக்கூடம் வந்தது. 1828-இல் அவர் நெய்யூருக்குச் சென்று, மேற்குப் பகுதியின் ஊழியத்திற்கு அதை மையமாக்கினார். தோள்சீலைப் போராட்டத்தின் தொடக்கக் கட்டங்களில், நம் பெண்களின் மானத்திற்காக அதிகாரிகளிடத்தில் நின்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். தஞ்சாவூர் மிஷனெரி ஹோர்ஸ்ட் ஐயரின் மகளாகிய ஜோஹன்னாவை மணந்துகொண்டார். அந்த அம்மையார் நெய்யூரில் பெண்களுக்குக் கைத்தொழில் கற்பித்துப் பிழைப்புக்கு வழி காட்டினார்.

நீதிபதியின் ஆசனம்

மீட் ஐயர் வந்த அதே 1818-இல், ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் ஆலோசனைப்படி, ராணி கௌரி பார்வதி பாய் அவரை நாகர்கோவிலில் சிவில் நீதிபதியாக நியமித்தார். அந்நாளில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் எண்ணிப்பார்க்கவேண்டும். ஊழியம் என்னும் சொல்லுக்கே அக்காலத் திருவிதாங்கூரில் கூலியில்லாத கட்டாய வேலை என்று பொருள். வரியும் அடியும் அவமானமும் தவிர அரசாங்கத்திடமிருந்து வேறொன்றையும் அறியாத ஜனங்கள், தங்களுடைய போதகரே நீதி ஆசனத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டார்கள். அந்தக் குறுகிய காலத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் மிஷனைச் சேர்ந்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அவர்கள் எல்லாரையும் ஆவிக்குரிய தாகம் மட்டுமே இழுத்துவந்தது என்று அந்த நூல்களே சொல்லவில்லை.

இலண்டனிலிருந்த சங்கத்தின் இயக்குநர்கள் இதை ஏற்கவில்லை. சுவிசேஷ ஊழியன் அரசாங்க உத்தியோகத்தை வகிப்பது தகாது என்பது அவர்களுடைய நிலை. ஏறக்குறைய ஓராண்டு நீதிபதியாக இருந்த மீட் ஐயர் அந்தப் பதவியை விட்டார்.

அவர் லஞ்சம் வாங்கினார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏழைகளுக்கு நன்மையே செய்திருக்கிறார். அப்படியிருக்க, ஏன் விலகவேண்டும்? காரணம் எளிது. காலையில் வழக்குத் தீர்க்கிறவரும் மாலையில் ஞானஸ்நானம் கொடுக்கிறவரும் ஒரே மனிதராக இருந்தால், அவரிடத்தில் வருகிறவன் நீதியைத் தேடி வருகிறானா, கிறிஸ்துவைத் தேடி வருகிறானா என்று யாருக்கும் தெரியாது. வருகிறவனுக்கே தெரியாது. அதிகாரம் ஒரே கையில் குவியும்போது, அந்தக் கை சுத்தமானதாயிருந்தாலும் மந்தைக்கு அது கேடு. எருசலேமில் பந்தி விசாரிப்பைக் குறித்து முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் செய்தது என்ன? தங்களுடைய நல்லெண்ணத்தைச் சாட்சிக்கு அழைக்கவில்லை; பொறுப்பைப் பிரித்து ஏழுபேர் கையில் ஒப்படைத்தார்கள் (அப்போஸ்தலர் 6:1–6).

இந்த முதல் கணக்கில் மூன்று நன்மைகள் உண்டு. கேட்டவர்களுக்குக் கேட்கும் உரிமை இருந்தது. கேட்ட கேள்வி அவருடைய பதவியையும் அதிகாரத்தையும் பற்றியதாயிருந்தது. கேட்கப்பட்டவர் கீழ்ப்படிந்தார். அதனால் அவருடைய ஊழியம் அழிந்துபோகவில்லை. அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது கனிகொடுத்தது. கணக்குக் கேட்பது ஊழியரைக் கொல்லும் வாள் அல்ல, அவரைக் காக்கும் வேலி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் மாவட்ட வரலாற்றில் வேண்டுமோ?

இரண்டாம் கணக்கு

ஆண்டுகள் சென்றன. 1840-களின் பிற்பகுதியில் ஜோஹன்னா அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மீட் ஐயர், 1850-களின் தொடக்கத்தில் மூன்றாம் முறையாக மணந்துகொண்டார். மணமகளின் பெயர் லோயிஸ் பிடல்ஃப். பெயரைக் கேட்டால் ஆங்கிலப் பெண் என்று தோன்றும். ஆனால் மிஷனின் நிழலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கிலாந்திலுள்ள புரவலர்களின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம். லோயிஸ் நம் மண்ணின் மகள். மயிலாடி வேதமாணிக்கம் பிறந்த அதே சமூகத்தில் தோன்றிய கிறிஸ்தவக் குடும்பத்தின் பெண். தீமோத்தேயுவின் பாட்டியாகிய லோவிசாளின் பெயரே அவருடைய பெயர்.

திருமணம் பெரும் இடறலாக எண்ணப்பட்டது. வெள்ளைக்கார மிஷனெரி இந்தியப் பெண்ணை மணப்பதா என்பது ஒரு பக்கம். அதிலும் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த பெண்ணையா என்பது மறுபக்கம். உடன் ஊழியர்கள் அவரைத் தாங்கவில்லை. சங்கத்தோடு அவருக்கிருந்த உறவு முறிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கிய மிஷனைவிட்டு மீட் ஐயர் வெளியேறினார். பின்னர் அவர் திருவிதாங்கூர் அரசின் கல்விப் பணியில் சேர்ந்து, பள்ளிகளின் மேற்பார்வையாளராக உழைத்தார். தாம் நேசித்த நாட்டைவிட்டுப் போகாமல் 1873-இல் திருவனந்தபுரத்தில் மரித்தார்.

இந்தத் தீர்ப்பு எந்தக் காலத்தில் வந்தது என்று கவனியுங்கள். 1847-இல் திருவிதாங்கூரிலிருந்த மிஷனெரிமார், புலையரும் பறையரும் அனுபவித்த அடிமைத்தனத்தை ஒழிக்கவேண்டும் என்று மகாராஜாவுக்கு மனு எழுதினார்கள். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு, சாதியை விடாதவன் திருவிருந்துக்குத் தகுதியற்றவன் என்று தீர்மானித்தது; சாதி விட்டதை மெய்ப்பிக்க எல்லாருடனும் ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்றும் கேட்டது. அந்தத் தீர்மானத்தின் மை உலர்ந்து சில காலமே ஆகியிருந்தது. ஒரே பந்தியில் உட்காரலாம், ஒரே வீட்டில் வாழலாகாது என்பதுதான் நடைமுறையின் பொருளாயிற்று. சாம்பவர் வீட்டில் தொடங்கிய மிஷன், அரை நூற்றாண்டு நிறையுமுன்னே, சாம்பவர் குலத்துப் பெண்ணை மணந்தவரைத் தன்னுள் வைத்துக்கொள்ளக் கூசியது.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்தத் திருமணத்தைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்விகளே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மணமகன் முதிர்ந்தவர், மணமகள் அவரைவிட மிகவும் இளையவர். அவர் மிஷனில் பெரியவர். அந்தக் குடும்பம் மிஷனை அண்டி வாழ்ந்தது. அந்தப் பெண் சுயாதீனமாகச் சம்மதித்தாரா, மறுத்துப் பேச அவருக்கும் அவருடைய வீட்டாருக்கும் தைரியம் இருந்ததா என்று அன்புள்ள மூப்பர்கள் கேட்டிருந்தால் அது சபையின் கடமை. அந்தக் கேள்விகள் லோயிஸைக் காக்கும் கேள்விகளாயிருந்திருக்கும். வரலாற்றில் முன்னே நிற்பதோ அவருடைய பாதுகாப்பு அல்ல, அவருடைய பிறப்பு. மேலும் தென் திருவிதாங்கூரில் இந்தியர் ஒருவர் குருத்துவ அபிஷேகம் பெற்றது 1860-களின் நடுப்பகுதியில்தான். ஆகவே இந்தக் காரியம் எழுந்த நாளில், லோயிஸின் ஜனத்தில் ஒருவருக்கும் போதகர்களின் வரிசையில் இடமில்லை. மீட் ஐயரைப் பற்றி நூல்கள் பல பக்கங்கள் எழுதுகின்றன. அவரை மணந்த பெண்ணுக்கு ஓரிரு வரிகளே கிடைத்திருக்கின்றன.

மோசேயின் மனைவியும் உரியாவின் மனைவியும்

வேதாகமத்தில் இரண்டு பெரிய தலைவர்கள்மேல், இரண்டு பெண்களின் நிமித்தம் குற்றச்சாட்டு எழுந்தது.

முதலாவது மோசே. எத்தியோப்பியா தேசத்துப் பெண்ணை அவன் மணந்ததினாலே மிரியாமும் ஆரோனும் அவனுக்கு விரோதமாகப் பேசினார்கள். குற்றம் சாட்டினவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. ஒருத்தி தீர்க்கதரிசினி, ஒருவன் பிரதான ஆசாரியன். கர்த்தர் அந்த மூவரையும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கு வரவழைத்தார். குற்றம் சாட்டினவர்களே நியாயந்தீர்க்கப்பட்டார்கள். கறுத்த நிறத்துப் பெண்ணைக் குறைகூறின மிரியாம் உறைந்த மழைபோல வெண்குஷ்டம் பிடித்து நின்றாள்.

இரண்டாவது தாவீது. அவன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டான். அதை மறைக்க உரியாவைக் கொன்றான். அரண்மனையில் அறிந்தவர்கள் இருந்தார்கள். தூது போனவர்கள் இருந்தார்கள். கடிதத்தை வாசித்த யோவாப் இருந்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பொழுது கர்த்தரே குற்றம் சாட்டுகிறவனை அனுப்பினார். நாத்தான் தானாக வரவில்லை, அனுப்பப்பட்டு வந்தான் என்று வேதம் தெளிவாகச் சொல்லுகிறது.

ஒரே தேவன்தான். ஒரு வழக்கில் குற்றம் சாட்டினவர்களைக் கண்டித்தார்; மற்றொரு வழக்கில் குற்றம் சாட்டுகிறவனை எழுப்பினார். ஆகவே, தலைவரைக் குறித்துப் பேசுவது எப்போதும் பாவம் என்று போதிப்பதும் பொய். தலைவர்மேல் எழும் பேச்செல்லாம் மெய் என்று நம்புவதும் பொய். யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்ற கேள்வியே இரண்டையும் பிரித்துக் காட்டும். மோசேயின் திருமணத்தில் புண்பட்டது குடும்பப் பெருமை. தாவீதின் காரியத்தில் ஒரு பெண் அநியாயமாய் எடுக்கப்பட்டாள், ஒரு மனிதனின் இரத்தம் சிந்தப்பட்டது. மீட் ஐயரின் இரண்டாம் கணக்கில் அன்றையோர் தங்களை நாத்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். நின்ற இடமோ மிரியாமின் இடம்.

அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததும் நினைவுக்கு வருகிறது (கலாத்தியர் 2:11–14). அப்போஸ்தலரில் மூத்தவர் எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்கப்பட்டார். எதற்காக? விலக்கப்பட்டவர்களோடு பந்தியில் கலந்ததற்காக அல்ல, ஊராருக்குப் பயந்து அவர்களைவிட்டு விலகியதற்காக. பவுல் நெய்யூருக்கு வந்திருந்தால் யாரைக் கண்டித்திருப்பார்?

மறைக்கப்பட்ட கணக்கு

கணக்கைத் தவறாகக் கேட்டதன் உதாரணம் நம் ஊரிலே கண்டோம். கேட்கவேண்டிய கணக்கைக் கேளாமல் விட்டதன் உதாரணமும் நமக்குத் தூரமானதல்ல. சென்னையில் 1946-இல் பிறந்து, உலகமெங்கும் கிறிஸ்தவ விசுவாசத்தின் நியாயங்களை எடுத்துரைத்தவர் ரவி சகரியாஸ். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவருடைய பேச்சைக் கேட்டு விசுவாசத்தில் உறுதிப்பட்டார்கள். 2017-இல் கனடா நாட்டுப் பெண் ஒருவர் அவர்மேல் குற்றம் சாட்டினார். அவரோ அந்தப் பெண்மீதும் கணவர்மீதும் வழக்குத் தொடுத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதைப்பற்றிப் பேசக்கூடாது என்ற ஒப்பந்தம் அந்தத் தம்பதியரின் வாயை அடைத்தது. அவருடைய ஊழிய நிறுவனத்தின் நிர்வாகக் குழு அவரையே நம்பிற்று.

2020 மே மாதம் அவர் மரித்தார். சில மாதங்களில் வேறு பெண்கள் பேசத் தொடங்கினார்கள். நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியாயிற்று. தமக்கு மசாஜ் சிகிச்சை அளித்த பெண்கள் பலரிடம் அவர் பல ஆண்டுகளாக அத்துமீறி நடந்துகொண்டார் என்று அது கண்டறிந்தது. நிர்வாகக் குழு தன் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆனால் 2017-இல் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை 2021-இல் கேட்டால், கல்லறை பதில் சொல்லுமோ? அந்தப் பெண்களுக்கு உயிரோடிருந்த மனிதனிடமிருந்து ஓர் அறிக்கையும் கிடைக்கவில்லை. அவருக்கும் மனந்திரும்புதலுக்குரிய நாத்தான் கிடைக்கவில்லை. அவரைப் பாதுகாத்தோம் என்று எண்ணினவர்கள் உண்மையில் அவரையே கைவிட்டார்கள்.

மீட் ஐயரின் காரியமும் இந்தக் காரியமும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றும். அங்கே அவசரம், இங்கே தாமதம். அங்கே பாவமல்லாததற்குத் தண்டனை, இங்கே பாவத்திற்கு மறைவு. ஆனால் வேர் ஒன்றே. இரண்டு இடத்திலும் சபை காத்தது தன் பெயரை. பெயருக்கு இழுக்கு என்று தோன்றியபோது நீதிமானையும் வெளியே தள்ளும். பெயருக்கு இழுக்கு என்று தோன்றியபோது குற்றவாளியையும் உள்ளே ஒளித்துவைக்கும். ஊரார் என்ன சொல்லுவார்கள் என்பதே அளவுகோலாக இருக்கும்வரை, நம்முடைய விசாரணைகள் இந்த இரண்டு பள்ளங்களில் ஒன்றில்தான் விழும். ஏலி தன் குமாரரைப் பற்றிக் கேள்விப்பட்டான், கடிந்தும் பேசினான், ஆனால் அடக்கவில்லை. பலிபீடத்தின் பெயரைக் கருதி அவன் தாமதித்தானோ என்னவோ. முடிவில் பெட்டியும் போயிற்று, பெயரும் போயிற்று.

பவுல் வைத்த மூன்று காவல்கள்

இளம்போதகனாகிய தீமோத்தேயுவுக்குப் பவுல் இதற்கென்றே எழுதினார். மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்கிறார். இது வதந்திக்கு எதிரான காவல். பொறாமையினாலும், தேர்தல் பகையினாலும், கட்சிகட்டி எழுதும் பெயரில்லாத துண்டறிக்கைகளினாலும் ஒரு மனிதன் சாகக்கூடாது. ஆனால் இந்த வசனத்தைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக்குகிறவர்கள் உண்டு. தனியறையில் நடந்த தீங்குக்கு இரண்டு பேர் பார்த்த சாட்சி எங்கிருந்து வரும்? சாட்சி வேண்டும் என்பது தேடிப்பார் என்னும் கட்டளை, தள்ளிவிடு என்னும் அனுமதி அல்ல. கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், அதேவிதமாய்ப் பாதிக்கப்பட்ட வேறொருவரின் சொல், இவையெல்லாம் சாட்சியே.

இரண்டாவது, பாவம் மெய்ப்பிக்கப்பட்டால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறார். இது மறைப்புக்கு எதிரான காவல். இடமாற்றம் தண்டனை அல்ல. ஒரு சேகரத்தில் குற்றம் கண்டவரை மற்றொரு சேகரத்திற்கு அனுப்புவது, ஓநாயை ஒரு தொழுவத்திலிருந்து அடுத்த தொழுவத்திற்கு மாற்றுவதே. குற்றமில்லை என்று தெளிந்தால் அதையும் எல்லாருக்கும் முன்பாகவே சொல்லவேண்டும். அவர்மேல் விழுந்த நிழலைத் துடைப்பதும் சபையின் கடன்.

மூன்றாவது, தேவனுக்கும் கிறிஸ்துவுக்கும் தூதருக்கும் முன்பாக ஆணையிட்டுச் சொல்வதுபோல, பட்சபாதமில்லாமல் செய் என்று வலியுறுத்துகிறார். மீட் ஐயரின் நாளில் மீறப்பட்ட காவல் இதுவே. நம்முடைய நாளில் மீறப்படுகிறதும் பெரும்பாலும் இதுவே. குற்றம் சாட்டப்பட்டவர் எந்தக் குடும்பம், எந்த ஊர், எந்த அணி என்று கேட்டபிறகு அவர் என்ன செய்தார் என்று கேட்கிறோம். குற்றம் சாட்டியவர் ஏழையாயிருந்தால், பெண்ணாயிருந்தால், நம்மைச் சேராதவராயிருந்தால், அவருடைய சொல் பாதி எடையே பெறுகிறது.

ஆகையால், நண்பரே நண்பரை விசாரிக்கும் குழு நமக்கு வேண்டாம். சம்பந்தமில்லாதவர்களும் பெண்களும் அதில் இருக்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடியும்வரை பொறுப்பிலிருந்து விலகியிருக்கட்டும். அது தீர்ப்பல்ல, ஒழுங்கு. முறையிட்டவரின் பெயர் கடைத்தெருவுக்குப் போகாதிருக்கட்டும். சபையின் ஒழுங்குமுறை நாட்டின் சட்டத்திற்கு மாற்று ஆகாது என்பதையும் அறிந்துகொள்வோம். குழந்தைகளுக்கு நேரும் பாலியல் கொடுமையை அறிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமலிருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். பத்துப்பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் நம்முடைய பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பெண்களின் புகாரைக் கேட்க உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. ஜெபித்து முடித்துக்கொள்வோம் என்று சொல்லி இவற்றைத் தட்டிக்கழிப்பது ஜெபத்தை அவமதிப்பதாகும்.

பாதாளத்திலும் பேசிய அன்பு

தாவீது அபிஷேகம்பண்ணப்பட்ட சவுலின்மேல் கைபோட மறுத்தான் என்பதை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள் (1 சாமுவேல் 24). வாளை உறையில் வைத்தவன், வாயை மூடவில்லை. குகையைவிட்டு வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்து, மூவாயிரம் பேர் கேட்க, ராஜாவின் அநியாயத்தை ராஜாவுக்கே எடுத்துரைத்தான். பகை இல்லாமல் கணக்குக் கேட்கலாம் என்பதற்கு அதுவே மாதிரி. மிரியாமின் காரியத்திலும், தன்னைத் தூஷித்த சகோதரிக்காக மோசே கர்த்தரை நோக்கிக் கெஞ்சினான். அவள் பாளயத்துக்குப் புறம்பே ஏழுநாள் இருந்தபோது, அவள் திரும்பச் சேர்க்கப்படுமளவும் ஜனங்கள் பிரயாணம்பண்ணவில்லை. ஒழுங்கும் இருந்தது; காத்திருந்த அன்பும் இருந்தது.

போதகர்களாகிய எங்களுக்கும் ஒரு வார்த்தை. நீதி ஆசனத்தைவிட்டு எழுந்த மீட் ஐயர் ஊழியத்தை இழக்கவில்லை. எங்களிடத்தில் கணக்குக் கேட்கிறவர்களைச் சத்துருக்களாக எண்ணாதிருக்கக் கற்றுக்கொள்வோமாக. மந்தை எங்களுடையது அல்ல. பிரதான மேய்ப்பர் வெளிப்படும் நாளில் ஒவ்வொரு ஆட்டைக் குறித்தும் எங்களிடத்தில் கேட்கப்படும். அந்தக் கேள்வியை இன்றைக்கே சபை கேட்குமானால், அது எங்களுக்கு இரக்கமே.

ஜெபம்: நீதியுள்ள நியாயாதிபதியே, மிரியாமின் நாவை எங்களைவிட்டு எடுத்துப்போடும், நாத்தானின் தைரியத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் முன்னோர் பிறப்பைப் பார்த்துத் தள்ளியவர்களுக்காக எங்களை மன்னியும். எங்கள் சபைகளில் தீங்கு அநுபவித்தும் பேசப் பயந்திருக்கிறவர்களுக்குக் கேட்கும் செவியை எங்களில் உண்டாக்கும். பொய்க்குற்றம் சுமந்து தலைகுனிந்திருக்கிற ஊழியரின் தலையை உயர்த்தும். உம்முடைய வீட்டில் பெயரைவிட உண்மை பெரிதாயிருப்பதாக. இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.